டன்னுக்கு ஒரு பென்னி

1713-ஆம் ஆண்டில் பாஸ்டன் நகரத்து வணிகர் ஜான் ஜார்ஜ், தம்மைப் போன்ற மற்ற வணிகர்களுக்காகவும் சேர்த்து மாசசூசெட்ஸ் சட்டமன்றத்தில் ஒரு விண்ணப்பம் வைத்தார். துறைமுகத்தின் வாயிலில் ஏதாவது ஒரு முனையில் இரவு முழுக்க எரியும் விளக்கு ஒன்று வேண்டும் என்பது கோரிக்கை. அன்று அமெரிக்கா என்றொரு நாடு இல்லை. பிரிட்டிஷ் முடியாட்சிக்குக் கீழ்ப்பட்ட குடியேற்றங்கள்தான் இருந்தன. அவற்றில் பாஸ்டன் பெரிய துறைமுகம். உப்புக்கண்ட மீனும் மரமும் வெளியே போயின. சர்க்கரைப்பாகும் துணியும் இரும்புச் சாமான்களும் உள்ளே வந்தன. ஊருக்குச் சோறு போட்டது கடல். ஆனால் கடலிலிருந்து ஊருக்குள் நுழையும் வழி கொடியது. துறைமுகத்துக்குள் சின்னதும் பெரியதுமாக எத்தனையோ தீவுகள். அவற்றுக்கு நடுவே மணல் திட்டுகள். வாயிலருகே நீருக்குள் பதுங்கிக் கிடக்கும் பாறைகள். அட்லாண்டிக்கை வாரக்கணக்கில் கடந்து வந்த கப்பல், வீட்டு வாசலில் வந்து உடைந்துபோவது வழக்கமாக இருந்தது.

அதற்கு முன்பு ஒளியே இல்லை என்று சொல்ல முடியாது. துறைமுக வாயிலின் தெற்குப் பக்கம் ஹல் என்ற ஊர் உண்டு. அங்குள்ள அலர்ட்டன் முனையில் 1673-லேயே இரும்புக் கூடையில் கீலும் சணல் சிம்பும் போட்டு எரித்திருக்கிறார்கள். காற்றடித்தால் அணையும், மழை பெய்தால் அணையும். எதிரிக் கப்பல் வருகிறது என்று ஊருக்குச் சொல்லவும் அதே தீதான். கப்பலோட்டிக்கு வேண்டியது அப்படிப்பட்ட ஒளி அல்ல. நேற்று இருந்த இடத்திலேயே இன்றும் இருக்கும், நாளையும் இருக்கும் என்று நம்பக்கூடிய ஒளி.

சட்டமன்றம் இரண்டு ஆண்டுகள் யோசித்தது. குழு போட்டது, இடம் பார்த்தது. 1715 ஜூலையில் சட்டம் நிறைவேறியது. எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த பகுதி அந்தச் சட்டத்தின் பணக் கணக்குதான். விளக்குக்கான செலவை உழவரிடமோ நெசவாளரிடமோ கேட்கவில்லை. துறைமுகத்துக்குள் வரும் கப்பல் டன்னுக்கு ஒரு பென்னி கொடுக்க வேண்டும். வெளியே போகும்போது டன்னுக்கு இன்னொரு பென்னி. கரையோரமாகவே ஓடும் சிறு கப்பல்களுக்கு வேறு கணக்கு. மீன்பிடிப் படகுகளும் விறகுப் படகுகளும் ஆண்டுக்கு ஒரு சிறு தொகை கட்டினால் போதும். பெரிய கப்பலுக்குப் பெரிய பங்கு, சின்னப் படகுக்குச் சின்னப் பங்கு. யார் அந்த வெளிச்சத்தில் பிழைக்கிறார்களோ அவர்கள் எண்ணெய்க்குக் காசு தருகிறார்கள். இவ்வளவு நேர்மையான வரியை வரலாற்றில் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

கோபுரம் எழுந்த இடம் லிட்டில் புரூஸ்டர் என்ற குட்டித் தீவு. பாஸ்டன் நகரத்திலிருந்து ஒன்பது மைல் தள்ளி, துறைமுகம் முடிந்து திறந்த கடல் தொடங்கும் இடத்தில் இருக்கும் பாறைமேடு அது. கற்களை அடுக்கிக் கட்டிய அந்தக் கோபுரத்தின் உச்சியில் 1716 செப்டம்பர் 14 அன்று முதல் விளக்கு எரிந்தது. இன்று அமெரிக்கா என்று நாம் அழைக்கும் நாட்டின் முதல் கலங்கரை விளக்கம் அதுதான். பாஸ்டன் லைட் என்று பெயர்.

முதல் காவலர் ஜார்ஜ் வொர்திலேக். வயது 43. துறைமுகத் தீவுகளில் வளர்ந்தவர், அங்குள்ள நீரோட்டங்களை அறிந்தவர். ஆண்டுச் சம்பளம் 50 பவுண்டு. பொழுது சாயும்போது விளக்கேற்றி, விடியும்வரை அது அணையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். திரியைக் கத்தரிக்க வேண்டும், எண்ணெய் ஊற்ற வேண்டும், புகை படிந்த கண்ணாடியைத் துடைக்க வேண்டும். சம்பளம் போதாது. உள்ளே வரும் கப்பல்களுக்கு வழிகாட்டியாகப் போய்க் கொஞ்சம் சம்பாதித்தார். பக்கத்துத் தீவான கிரேட் புரூஸ்டரில் ஆடு வளர்த்தார். 1717 குளிர்காலத்தில் ஒரு புயல் நாளில் அவருடைய 59 செம்மறியாடுகள் நீண்ட மணல் திட்டில் தனித்து நின்று, ஏறிவந்த கடலில் மூழ்கிப்போயின. அந்த நேரத்தில் அவர் விளக்கைவிட்டு நகர முடியாமல் கோபுரத்தில் இருந்தார். சம்பளத்தை 70 பவுண்டாக உயர்த்தினார்கள்.

அந்த உயர்வை அவர் நெடுநாள் அனுபவிக்கவில்லை. 1718 நவம்பர் 3 அன்று பாஸ்டனிலிருந்து மனைவி ஆன், மகள் ரூத் ஆகியோருடன் திரும்பிக்கொண்டிருந்தார். கூட வேலையாள் ஜார்ஜ் கட்லர், நண்பர் ஜான் எட்ஜ். பாய்க்கப்பல் தீவருகே நங்கூரமிட்டது. அங்கிருந்து கரைக்கு அழைத்துவர ஷாட்வெல் என்ற மனிதர் சிறு ஓடத்தைத் துடுப்பு வலித்துக்கொண்டு போனார். அவர் வொர்திலேக் குடும்பத்தின் அடிமை, ஆப்பிரிக்க இனத்தவர். ஆறு பேர் ஏறிய ஓடம் கவிழ்ந்தது. ஒருவரும் பிழைக்கவில்லை. இன்னொரு மகள் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாஸ்டனில் காப்ஸ் ஹில் இடுகாட்டில் ஒரே கல்லில் மூன்று பெயர்களாக வொர்திலேக்கும் மனைவியும் மகளும் இருக்கிறார்கள். அந்தக் கல்லில் ஷாட்வெல்லின் பெயருக்கு இடமில்லை. முதல் கலங்கரை விளக்கத்தின் முதல் காவலர் யார் என்ற வினாவுக்கு எல்லாப் புத்தகத்திலும் ஒரே விடைதான். ஆனால் விளக்குக்கு எண்ணெய் சுமந்ததிலும், ஓடம் வலித்ததிலும், ஆடு மேய்த்ததிலும் சம்பளமில்லாத ஒரு மனிதரின் உடலுழைப்பு கலந்திருக்க வேண்டும். அவருடைய பெயர் நமக்குக் கிடைத்திருப்பதே அவர் செத்த விதத்தால்தான். ஆகவே இந்தக் கதையை எங்கே சொன்னாலும் அந்தப் பெயரையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

ஊரே பேசிய அந்தச் சாவைக் காசாக்கியவர் ஒரு அச்சுக்கூடக்காரர். ஜேம்ஸ் என்று பெயர். அவரிடம் தொழில் பழகிக்கொண்டிருந்த தம்பிக்குப் பன்னிரண்டு வயது. தம்பியைப் பாட்டு எழுதச் சொன்னார், அதை ஒற்றைத் தாளில் அச்சடித்தார், தெருத்தெருவாகப் போய் விற்றுவரச் சொல்லி அவனையே அனுப்பினார். நம் ஊர்ச் சந்தைகளில் கொலைச் சிந்தும் விபத்துச் சிந்தும் அணாக் கணக்கில் விற்ற மாதிரியேதான். தாள்கள் பறந்தன. பையனுக்குத் தலைகால் புரியவில்லை. அப்பா கூப்பிட்டு, பாட்டுக் கட்டுகிறவன் பிச்சையெடுக்கத்தான் போவான் என்ற பொருளில் கண்டித்து அந்த ஆசையைக் கிள்ளிவிட்டார். பையனின் பெயர் பெஞ்சமின் பிராங்க்ளின். பிற்காலத்தில் தன் வரலாற்றை எழுதியபோது அவரே அந்தப் பாட்டை மட்டமான சரக்கு என்றுதான் மதிப்பிட்டார். அசல் என்று எல்லோரும் ஒப்புக்கொள்ளும் பிரதி ஒன்றுகூட இன்று இல்லை.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். கோபுரம் எழுந்து இரண்டே ஆண்டுகளில் அதைப் பற்றிய தாள் ஒன்று தெருவில் விலைக்கு வந்துவிட்டது. இன்று விற்கும் பாஸ்டன் லைட் போஸ்டர்களின் வம்சம் அங்கேயே தொடங்கிவிடுகிறது. அது எழுத்து. படம் வருவதற்கு இன்னும் பதினோரு ஆண்டுகள் ஆயின. 1729-இல் வில்லியம் பர்கிஸ் என்ற ஓவியர் செப்புத் தகட்டில் பாஸ்டன் லைட்டைச் செதுக்கி அச்சிட்டார். மெசோடின்ட் என்ற முறை அது. தகடு முழுவதையும் முதலில் சொரசொரப்பாக்கி, வெளிச்சம் வேண்டிய இடங்களை மட்டும் தேய்த்து மழுப்புவார்கள். கருமையிலிருந்து ஒளியை வெளியே எடுக்கும் வேலை. விளக்கை வரைவதற்கு இதைவிடப் பொருத்தமான வழி உண்டா? கூம்பிச் செல்லும் கோபுரம், பக்கத்தில் பீரங்கிகள் ஏந்திய ஒரு கப்பல். அந்தப் படத்தை அவர் காணிக்கையாக்கியது பாஸ்டன் வணிகர்களுக்கு. பென்னி கொடுத்தவர்களுக்கே படமும் போயிற்று. அமெரிக்கக் கலங்கரை விளக்கம் ஒன்றைக் காட்டும் மிகப் பழைய படமாக அதைத்தான் சொல்கிறார்கள்.

இடையில் காவலர்கள் மாறினார்கள். வொர்திலேக்குக்குப் பின் தற்காலிகமாக வந்த ராபர்ட் சாண்டர்ஸும் சில நாட்களிலேயே கடலில் மூழ்கிப்போனார். அடுத்து வந்த ஜான் ஹேஸ் கடலோடி. வேலையின் குறை எங்கே என்று அவருக்குத் தெரிந்தது. மூடுபனி இறங்கினால் விளக்கு இருந்தும் பயனில்லை. நியூ இங்கிலாந்துக் கரையில் மூடுபனி மணிக்கணக்கில் நிற்கும், சில நேரம் நாள்கணக்கிலும் நிற்கும். கண்ணுக்குத் தெரியாததைக் காதுக்குச் சொல்லலாமே என்று 1719-இல் அவர் பெரிய பீரங்கி ஒன்று கேட்டார். பனிக்குள்ளிருந்து கப்பல் சுட்டால், தீவிலிருந்து பதிலுக்குச் சுடுவது. கொடுத்தார்கள். வட அமெரிக்காவின் முதல் மூடுபனிச் சைகை அதுதான். 1851 வரை அந்தப் பீரங்கி முழங்கியது. பிறகு மணி வைத்தார்கள். கொலை செய்யப் பிறந்த ஆயுதம் நூற்று முப்பது ஆண்டுகளுக்கு மேலாக உயிர் காக்கவே வெடித்தது.

ஒலியாலும் தீராத சிக்கல் ஒன்று மிஞ்சியது. தீவுக்குக் கிழக்கே சில மைல் தொலைவில் எந்த ஊதுகுழலின் ஓசையும் எட்டாத ஒரு பரப்பு உண்டு. மாலுமிகள் அதைப் பேய் நடை என்றார்கள். 1890-களில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக (எம்.ஐ.டி.) மாணவர்கள் தீவிலேயே தங்கி வகைவகையான ஊதுகுழல்களை வைத்துப் பார்த்தார்கள். அந்தப் பரப்பு அடங்கவில்லை.

விடுதலைப் போர் வந்தபோது விளக்கே பகைப்பொருளாயிற்று. 1775-இல் பாஸ்டன் நகரம் பிரிட்டிஷ் படையின் கையில். சுற்றிலும் முற்றுகையிட்டிருந்தது குடியேற்றக்காரர் படை. துறைமுகம் பிரிட்டிஷாருடையது என்றால் விளக்கும் அவர்களுக்குத்தான் வழிகாட்டுகிறது. ஜூலை 20 அன்று மேஜர் ஜோசப் வோஸ் தலைமையில் ஒரு படை தீவில் இறங்கி, விளக்குகளையும் எண்ணெயையும் எடுத்துக்கொண்டு கோபுரத்தின் மரப் பகுதிகளைக் கொளுத்தியது. பிரிட்டிஷார் உடனே தச்சர்களைக் கொண்டுவந்து, காவலுக்குக் கடற்படை வீரர்களையும் நிறுத்திப் பழுதுபார்க்கத் தொடங்கினார்கள். ஜூலை 31 அன்று மேஜர் பெஞ்சமின் டப்பர் முந்நூறு பேரோடு படகுகளில் வந்து காவலை முறியடித்தார். பழுதுபார்த்த வேலை முழுவதும் பாழாயிற்று. திரும்பும் நேரத்தில் கடல் வற்றிப் படகுகள் தரைதட்டி நின்றன, அங்கேயும் சண்டை. ஜார்ஜ் வாஷிங்டன் அந்த வீரர்களைப் படை முழுக்கக் கேட்கும்படி பாராட்டினார். எந்த விளக்கைக் கட்ட அவர்களுடைய பாட்டன்மார் மன்றாடினார்களோ, அதை அணைத்ததற்குப் பேரன்மாருக்குப் பாராட்டு.

முடிவு 1776 ஜூனில் வந்தது. பாஸ்டனைவிட்டு மார்ச்சிலேயே வெளியேறிய பிரிட்டிஷ் படையின் சில கப்பல்கள் துறைமுக வாயிலில் தங்கியிருந்தன. கடைசியாகக் கிளம்பும்போது கோபுரத்துக்கு அடியில் வெடிமருந்தை வைத்துத் திரி கொளுத்திவிட்டுப் போனார்கள். அறுபது ஆண்டு நின்ற கோபுரம் கற்குவியல் ஆனது. விளக்குக் கூண்டின் உலோகத் தலைப்பகுதியை உருக்கி அமெரிக்கப் பீரங்கிகளுக்கு மருந்து அள்ளும் கரண்டிகள் செய்தார்கள்.

ஏழு ஆண்டுகள் இருட்டு. போர் முடிந்த 1783-இல் மாசசூசெட்ஸ் சட்டமன்றம் ஆயிரம் பவுண்டு ஒதுக்கியது. அப்போதைய ஆளுநர், விடுதலைப் பிரகடனத்தில் பெரிய கையெழுத்துப் போட்ட அதே ஜான் ஹான்காக். அதே தீவில் 75 அடிக் கோபுரம் எழுந்தது. அடிச்சுவர் ஏழரை அடிக் கனம். மேலே போகப் போக மெலிந்து உச்சியில் இரண்டரை அடி. இன்னொரு முறை யாரும் சுலபமாகத் தகர்த்துவிடக் கூடாது என்று கட்டியதுபோல இருக்கிறது அந்தக் கணக்கு. அந்த ஆண்டு டிசம்பரில் மறுபடியும் விளக்கு எரிந்தது. இன்று நாம் படத்தில் பார்க்கும் கோபுரம் இதுதான்.

அப்படியானால் பாஸ்டன் லைட் பிறந்தது எப்போது? கல்லைக் கேட்டால் 1783. நியூ ஜெர்சியில் 1764-இல் கட்டிய சாண்டி ஹுக் கோபுரம் இன்றும் உருக்குலையாமல் நிற்பதால், நின்றுகொண்டிருக்கும் கோபுரங்களில் மூத்தது என்ற பெயர் அதற்குத்தான். ஆனாலும் 1716 என்ற ஆண்டைப் பாஸ்டன்காரர்கள் விட்டுக்கொடுப்பதில்லை. அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது என்பது என் முடிவு. 1716-இல் பிறந்தது வெறும் கட்டடம் இல்லை. அந்த இடத்தில் ஒருவர் இரவெல்லாம் கண்விழித்திருப்பார், அவருக்கு ஊர் சேர்ந்து சம்பளம் தரும், தெரிந்த கப்பலோ தெரியாத கப்பலோ எல்லாவற்றுக்கும் வெளிச்சம் உண்டு என்ற ஏற்பாடு அன்று பிறந்தது. வெடிமருந்து கல்லைத்தான் சிதறடித்தது. ஏற்பாட்டை ஊர் மறக்கவில்லை. புதிய நாடு பிறந்ததும் 1789 ஆகஸ்டில், கலங்கரை விளக்கங்களையெல்லாம் மைய அரசே பராமரிக்கும் என்று சட்டம் செய்தார்கள். அந்த நாட்டின் காங்கிரஸ் இயற்றிய முதல் சில சட்டங்களில் அது ஒன்று. தனித்தனி ஊர்கள் பென்னி பென்னியாகச் சேர்த்துச் செய்த வேலை அப்படித்தான் நாட்டின் கடமையானது.

புதுக் கோபுரத்துக்கும் நோய் வந்தது. சுவரில் விரிசல் கண்டு 1809-இல் சுற்றிலும் இரும்புப் பட்டைகள் பூட்டினார்கள். பின்னாளில் அந்த இடத்தில் அலுமினியப் பட்டைகள் வந்தன. 1844-இல் காவலராக இருந்த டோபியாஸ் குக் தீவில் இளம்பெண்களை வேலைக்கு வைத்துச் சுருட்டு சுற்றி, ஸ்பானியச் சுருட்டு என்று பாஸ்டனில் விற்றார். பொய் வெளிப்பட்டுத் தொழில் நின்றது. 1859-இல் கோபுரத்தை 89 அடிக்கு உயர்த்தி, உச்சியில் பிரெனெல் வில்லையைப் பொருத்தினார்கள். பிரெஞ்சு இயற்பியலாளர் அகஸ்டின் பிரெனெல் 1820-களில் கண்ட வழி அது. சாதாரண விளக்கின் ஒளி நாலாபக்கமும் சிதறி, ஒரு பங்கு வானத்துக்கும் ஒரு பங்கு தரைக்கும் வீணாகப் போகும். விளக்கைச் சுற்றி வளையம் வளையமாகப் பட்டகக் கண்ணாடிகளை அடுக்கினால் ஒவ்வொன்றும் தன்மேல் விழும் கதிரை வளைத்துக் கடல்மட்டத்துக்கு இணையாகத் திருப்பிவிடும். பாஸ்டன் லைட்டின் வில்லையில் 336 பட்டகங்கள், நடுவே பன்னிரண்டு குவிகண்கள். உள்ளே விளக்கு நிலையாகத்தான் எரிகிறது. சுற்றுவது கண்ணாடிக் கூண்டு. ஒரு குவிகண் நம் பக்கம் திரும்பும்போது ஒரு மின்னல். பத்து விநாடிக்கு ஒன்று. கடலில் 27 கடல்மைல் வரை தெரியும். மின்சாரம் 1948-இல்தான் வந்தது. அதுவரை எடைக்கல்லை மேலே ஏற்றி, கடிகாரம்போல் முடுக்கி, காவலர்கள் கையால்தான் அதைச் சுற்றவிட்டார்கள்.

இந்த விளக்குக்கும் சென்னைக்கும் ஓர் உறவு உண்டு. பிரடெரிக் டியூடர் என்ற பாஸ்டன் வணிகர், குளிர்காலத்தில் மாசசூசெட்ஸ் ஏரிகளில் உறைந்த பனிக்கட்டியை அறுத்து, மரத்தூளில் பொதிந்து, கப்பலேற்றி வெப்பநாடுகளுக்கு விற்றார். 1833-இல் டஸ்கனி என்ற கப்பல் 180 டன் பனிக்கட்டியோடு கல்கத்தாவுக்குக் கிளம்பியது. நிலநடுக்கோட்டை இருமுறை தாண்டும் நான்கு மாதப் பயணத்துக்குப் பின்னும் ஏறக்குறைய நூறு டன் உருகாமல் மிஞ்சியது. சென்னையில் கடலைப் பார்த்தபடி 1842-இல் எழுந்த ஐஸ் ஹவுஸ், அவருடைய பனிக்கட்டியைச் சேமிக்கக் கட்டியதுதான். 1897-இல் விவேகானந்தர் தங்கியதால் இன்று அது விவேகானந்தர் இல்லம். ஆனால் பேட்டையின் பெயர் இன்னும் ஐஸ் ஹவுஸ். பாஸ்டனிலிருந்து மெட்ராஸுக்குக் கிளம்பிய பனிக்கட்டிக் கப்பல்கள் தாய்மண்ணில் கடைசியாகத் தாண்டிப் போனது லிட்டில் புரூஸ்டர் தீவை. 1844 முதல் இந்தப் பக்கம் அவற்றை எதிர்கொண்டது, இன்றைய உயர் நீதிமன்ற வளாகத்தில் நிற்கும் கருங்கல் தூணின் ஒளி. ஒரு விளக்கு வழியனுப்ப, இன்னொன்று வரவேற்க, இடையில் பாதி உலகம்.

இருபதாம் நூற்றாண்டில் காவலர்களின் காலம் முடியத் தொடங்கியது. இரண்டாம் உலகப் போரில் பாதுகாப்புக்காக விளக்கை அணைத்து, 1945 ஜூலையில் மீண்டும் ஏற்றினார்கள். பிறகு நாடு முழுக்கக் கோபுரங்கள் ஒவ்வொன்றாகத் தானியங்கியாகின. பாஸ்டன் லைட்டை மட்டும் மனிதர் இல்லாமல் விடக்கூடாது என்று செனட்டர் எட்வர்ட் கென்னடியின் முயற்சியில் 1989-இல் காங்கிரஸ் சட்டமே இயற்றியது. அமெரிக்காவில் கடைசியாகத் தானியங்கியான கலங்கரை விளக்கமும் இதுதான்; 1998-இல். அதன் பின்னும் காவலர் பதவி நீடித்தது. 2003-இல் எழுபதாவது காவலராக வந்த சாலி ஸ்னோமன், அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண். பதினெட்டாம் நூற்றாண்டு உடையணிந்து, தீவுக்கு வருகிறவர்களுக்குக் கதை சொல்லி, 2023 இறுதியில் ஓய்வு பெற்றார்.

இனிப் போஸ்டர்களுக்கு வருவோம். பாஸ்டன் துறைமுகத்துக் கடைகளில் இன்று விற்கும் பாஸ்டன் லைட் படங்களில் பெரும்பாலானவை பழைய படங்கள் அல்ல. பழைய பாணியில் இன்று வரைபவை. அந்தப் பாணிக்கும் பிறந்த கதை உண்டு. 1930-களின் பெரும் பொருளாதார வீழ்ச்சியில் லட்சக்கணக்கானோர் வேலையிழந்தபோது, ரூஸ்வெல்ட் அரசு ஓவியர்களுக்கும் கூலி கொடுத்து வேலை தந்தது. சாலை போடுகிறவருக்கு ஒரு வேலை என்றால் சித்திரம் தீட்டுகிறவருக்கும் ஒரு வேலை. உடல்நலம், நூலகம், நாடகம், சுற்றுலா என்று பொதுக் காரியங்களுக்கெல்லாம் போஸ்டர் தேவைப்பட்டது. கையால் ஒவ்வொன்றாக வரைந்து மாளாது. நியூயார்க் பிரிவிலிருந்த அந்தோணி வெலோனிஸ், கடைப் பலகைக்காரர்கள் பயன்படுத்திய ஸ்கிரீன் பிரிண்டிங்கைக் கொண்டுவந்தார். மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டிய பட்டுத் துணி. வண்ணம் இறங்கக் கூடாத இடங்களை அடைத்துவிட்டு, ரப்பர் பட்டையால் மையைத் தள்ளினால் மற்ற இடங்களில் மட்டும் கீழே இறங்கும். ஒரு நிறத்துக்கு ஒரு திரை. 1943 வரை ஏறக்குறைய 35,000 வடிவங்களில் இருபது லட்சம் போஸ்டர்கள் அச்சாயின. இன்று எஞ்சியவை இரண்டாயிரத்தைச் சுற்றி.

இந்த முறைக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. ஒரு நிறத்திலிருந்து இன்னொரு நிறத்துக்கு மெல்ல மெல்லக் கரைந்து போவது இதில் கடினம். ஒவ்வொரு நிறமும் கத்தரித்து ஒட்டியதுபோல் தட்டையாக, விளிம்பு கூர்மையாக விழும். நிறம் கூடினால் திரை கூடும், செலவு கூடும். எனவே ஐந்தாறு நிறத்துக்குள் மலையையும் வானத்தையும் அடக்க வேண்டும். அந்த நெருக்கடியிலிருந்து வந்ததுதான் அந்த அழகு. 1938 முதல் 1941 வரை தேசியப் பூங்காக்களுக்காக அப்படிப் பதினான்கு போஸ்டர்கள் வெளிவந்தன. போரில் எல்லாம் மறந்துபோயிற்று. 1970-களின் தொடக்கத்தில் கிராண்ட் டீட்டன் பூங்காவில் பணியாற்றிய டக் லீன், தூக்கிப்போடவிருந்த பழைய சாமான்களுக்கிடையே அவற்றில் ஒன்றைக் கண்டெடுத்தார். பிறகு வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டு மற்றவற்றையும் தேடிப்பிடித்து மறுபதிப்புச் செய்தார். இன்று உலகம் முழுக்க விற்கும் பழம்பாணிப் பயணப் போஸ்டர்களுக்கெல்லாம் அந்த மீட்சி பெரிய தூண்டுதல்.

அசல் பதினான்கில் பாஸ்டன் லைட் இல்லை. ஆனால் அந்தப் பாணிக்கென்றே கட்டியதுபோல் அந்தக் கோபுரம் பொருந்துகிறது. காரணம் எளிது. பகலில் கலங்கரை விளக்கம் தன் உருவத்தாலேயே பேச வேண்டும். அலைமேல் ஆடும் கப்பலிலிருந்து மைல் கணக்கில் தள்ளிப் பார்க்கிறவர், இது இன்ன கோபுரம் என்று கணத்தில் கண்டுகொள்ள வேண்டும். அதற்காகவே ஒன்றுக்கு வெள்ளை, இன்னொன்றுக்குச் சிவப்புப் பட்டை, கேப் ஹட்டராஸ் கோபுரத்துக்குக் கறுப்பும் வெள்ளையும் சுற்றிச் செல்லும் சுருள். தட்டையான நிறம், கூர்மையான விளிம்பு, தொலைவிலேயே அடையாளம்: போஸ்டர் ஓவியர் தேடும் மூன்றும் கப்பலோட்டிக்காக ஏற்கெனவே அங்கே இருந்தன. வெள்ளைக் கோபுரம், கறுப்பு முகடு, சாம்பல் பாறை, நீலக் கடல். வேலை பாதி முடிந்தது.

நல்ல போஸ்டரையும் ஏனோதானோ என்று போட்டதையும் பிரித்தறிய எனக்கு ஒரு வழி உண்டு. கோபுரத்தைச் சுற்றியிருக்கும் பட்டைகளைப் பார்ப்பேன். அவை இல்லையென்றால், வரைந்தவர் ஏதோ ஒரு வெள்ளைக் கோபுரத்தை வரைந்திருக்கிறார் என்று பொருள். 2013-இல் அமெரிக்க அஞ்சல்துறை நியூ இங்கிலாந்தின் ஐந்து கலங்கரை விளக்கங்களுக்குத் தபால்தலை வெளியிட்டது. பாஸ்டன் லைட்டும் அவற்றில் ஒன்று. வரைந்தவர் ஹோவர்ட் கோஸ்லோ. அவர் பல ஆண்டுகளாகக் கலங்கரை விளக்கத் தபால்தலைகளை வரைந்துவந்தவர். ஒரு விரற்கடை அளவுக் காகிதத்தில்கூடக் கோபுரத்துக்கு அதன் முகத்தை விட்டுவைத்தார்.

போஸ்டர்களில் எனக்குக் குறையாகத் தெரிவது ஒன்றுதான். எல்லாவற்றிலும் வானம் தெளிவாக இருக்கிறது. இந்த விளக்கின் கதையில் பாதி மூடுபனியின் கதை. ஹேஸ் கேட்டு வாங்கிய அந்தப் பீரங்கி, கடலோரக் காவற்படைக் கல்லூரியில் சில காலம் இருந்துவிட்டு, 1993-இல் தீவுக்கே திரும்பி வந்திருக்கிறது. அடுத்து இந்தக் கோபுரத்தை வரையப்போகிறவர் அதன் காலடியில் அந்தப் பீரங்கியையும் வைக்க வேண்டும். தனியாக இன்னொரு நிறம் தேவையில்லை. முகட்டுக்கென்று வெட்டிய கறுப்புத் திரையிலேயே அதற்கும் இடமிருக்கும்.